சீனத் தகடு மலிவாக வருகிறது, கடலில் தகராறும் வருகிறது: ஒரு வருட ஒப்பந்தம் போடலாமா?

கேள்வி: ஐயா, கிள்ளானில் சிறிய இரும்புப் பட்டறை நடத்துகிறேன். கூரைச் சட்டம், தண்ணீர்த் தொட்டி, படிக்கட்டு, கேட் வேலைகள்தான் அதிகம். 11 பேர் வேலை செய்கிறார்கள். ஒரு வியாபாரி சீனத் தகட்டை உள்ளூர் விலையைவிட 15 சதவீதம் குறைத்துத் தருவதாகச் சொல்கிறார். ஆனால் ஒரு வருடத்துக்கு ஒப்பந்தம் போட வேண்டுமாம். "தென் சீனக் கடலில் சண்டை வரப்போகிறது, வழி அடைபட்டுவிடும், ஒரு வருடச் சரக்கை இப்போதே வாங்கிப் போடு" என்கிறார் என் மச்சான். என் மகனோ, "சரவாக் பக்கம் நம் கடலில் கப்பலைக் கொண்டுவந்து நிறுத்துகிறவர்களிடமே வாங்குவதா? அவர்களிடம் மிஞ்சிக் கிடக்கும் உற்பத்திதானே இந்தக் கடலாசைக்கும் காரணம்?" என்று கோபப்படுகிறான். இவர்களில் யார் சொல்வது சரி? நான் என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள ஐயா,

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வருட ஒப்பந்தம் போடாதீர்கள். ஒரு வருடச் சரக்கை வாங்கி அடுக்கவும் வேண்டாம். சில நிபந்தனைகளோடு மூன்று மாதத்துக்கு, அதுவும் உங்கள் தேவையில் ஒரு பகுதிக்கு மட்டும் வாங்கலாம். இறக்குமதி ஒப்பந்தமும் சரக்குக் காப்புறுதியும் பார்ப்பது என் தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்களைப் போன்ற பட்டறைக்கு ஆபத்து போர்க்கப்பலிலிருந்து வருவதைவிட, சுங்கத்துறை அறிவிப்பிலிருந்தும் சரியாகப் படிக்காத ஒப்பந்த வாசகத்திலிருந்தும் வருவதுதான் அதிகம். மச்சான் பயப்படும் இடம் தவறு. உங்கள் மகன் கேட்டதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதிக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

சீனாவில் இரும்பு ஏன் இப்படி மிஞ்சுகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். 2024 இல் உலகம் முழுவதும் உருக்கிய எஃகு சுமார் 188 கோடி டன். அதில் சுமார் 100 கோடி டன் சீனாவுடையது. அவர்களுடைய வீட்டுக் கட்டுமானத் துறைதான் இதில் பெரும்பங்கை விழுங்கிக்கொண்டிருந்தது. 2020 இல் அங்குள்ள அரசு, கடனில் மூழ்கிய கட்டுமான நிறுவனங்களுக்குக் கடிவாளம் போட்டது. 2021 இல் அங்குள்ள பெரிய கட்டுமான நிறுவனமான எவர்கிராண்ட் கடனைக் கட்ட முடியாமல் விழுந்தது. வீடு கட்டுவது சுருங்கியது, உலைகளோ எரிந்துகொண்டே இருந்தன. விளைவு, 2024 இல் மட்டும் 11 கோடி டன் எஃகு வெளிநாடுகளுக்குப் போனது. மலேசியா ஓர் ஆண்டில் பயன்படுத்தும் எஃகைப்போல அது பத்து மடங்குக்கும் மேல். அதே ஆண்டு ஆகஸ்டில், உலகின் மிகப் பெரிய எஃகு நிறுவனமான பாவ்வுவின் தலைவர் ஹூ வாங்மிங், வரப்போகும் குளிர்காலம் 2008 ஐயும் 2015 ஐயும்விடக் கடுமையாக இருக்கும் என்று தன் ஊழியர்களையே எச்சரித்தார்.

நஷ்டம் என்றால் உலையை நிறுத்திவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். ஊது உலையை அப்படி நிறுத்த முடியாது. ஒருமுறை பற்றவைத்தால் 15 வருடம், அதற்கு மேலும்கூட, இரவு பகலாக எரிய வேண்டியது அது. அடியில் சுமார் 1,500 டிகிரி சூட்டில் இரும்புக் குழம்பு கிடக்கும். அதை ஆறவிட்டால் உலைக்குள்ளேயே பாறையாக இறுகிவிடும், பிறகு அதை உடைத்தெடுத்துச் செங்கல் மாற்றிக் கட்டுவதற்குப் பெரும் பணம் வேண்டும். அதனால் தாதுக்கும் கரிக்கும் ஆன செலவு திரும்பி வந்தால் போதும் என்று ஆலை நஷ்டத்திலும் விற்கும். இன்னொரு பக்கம் உள்ளூர் அரசு. சீனாவில் மதிப்புக் கூட்டு வரியில் ஒரு பங்கு, பொருள் தயாராகும் ஊரின் அரசுக்குப் போகிறது. ஆலை மூடினால் வரி போகும், ஆயிரக்கணக்கானவர்களின் வேலை போகும், அந்த ஊர் அதிகாரியின் பதவி உயர்வும் போகும். ஆகவே வங்கியிடம் சொல்லிக் கடனைப் புதுப்பித்துக் கொடுத்து ஆலையை உயிரோடு வைத்திருப்பார்கள். 2016 இல் பெய்ஜிங்கே 10 முதல் 15 கோடி டன் திறனை ஐந்து வருடத்தில் குறைப்பதாக அறிவித்துக் கணிசமாக மூடவும் செய்தது. அப்படியும் இன்று இந்த நிலை. சூரிய ஒளித் தகடு, மின்சாரக் கார், பேட்டரி எல்லாவற்றிலும் இதே கதைதான். ஒவ்வொரு மாகாணமும் ஒரே தொழிலில் ஒரே நேரத்தில் குதிக்கிறது.

இப்போது கடலுக்கு வருகிறேன். அதிக உற்பத்திதான் கடலாசைக்குக் காரணம் என்கிறான் உங்கள் மகன். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. தென் சீனக் கடலைச் சுற்றிக் கோடு போட்ட வரைபடம் 1947 இல் அன்றைய சீனக் குடியரசு வெளியிட்டது. 1974 இல் பாராசெல் தீவுகளுக்காக அன்றைய தென் வியட்நாமோடு சீனா சண்டை போட்டது. 1988 இல் ஜான்சன் சவுத் திட்டில் வியட்நாம் வீரர்களைச் சுட்டது. 1995 இல் பிலிப்பைன்ஸ் பக்கத்து மிஸ்சீஃப் திட்டில் கூடாரம் கட்டியது. இந்த ஆண்டுகளிலெல்லாம் சீனாவிடம் எஃகு மிஞ்சவில்லை, வெளியிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தது. நிகர ஏற்றுமதி நாடாக அது மாறியதே 2000களின் நடுப்பகுதியில்தான். கடல் உரிமைப் பேச்சுக்கு வேர் தேசப் பெருமை, மீன், எண்ணெய் எரிவாயு, கடற்படைப் பாதுகாப்பு இவற்றில் இருக்கிறது. எஃகு கிடங்கில் அது இல்லை.

ஆனால் கோபப்படக் காரணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. சரவாக் கரையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டரில், கடல் மட்டத்துக்கு 22 மீட்டர் கீழே கிடக்கும் ஒரு மேடு பெத்திங் செருப்பாய். ஆங்கில வரைபடங்களில் ஜேம்ஸ் திட்டு. தண்ணீருக்கு மேல் ஒரு கைப்பிடி மணல்கூடக் கிடையாது. அதைத்தான் தன் நாட்டின் தென்கோடி நிலம் என்று சீனப் பள்ளிப் பாடம் சொல்கிறது. கடலுக்கு அடியில் கிடக்கும் மேட்டை எந்த நாடும் நிலமாக உரிமை கோர முடியாது என்பது கடல் சட்டத்தின் அரிச்சுவடி. 1982 இன் ஐக்கிய நாடுகள் கடல் சட்ட உடன்படிக்கைப்படி கரையிலிருந்து 200 கடல் மைல் வரை மீனும் எரிவாயுவும் கரைநாட்டுக்குச் சொந்தம். சீனாவும் அந்த உடன்படிக்கையை ஏற்ற நாடுதான். 2016 ஜூலை 12 இல் ஹேக் நடுவர் மன்றம் பிலிப்பைன்ஸ் தொடுத்த வழக்கில், அந்த வரைபடக் கோட்டின் பெயரில் வரலாற்று உரிமை கேட்பதற்குச் சட்ட அடிப்படை இல்லை என்று தீர்த்தது. சீனா ஏற்கவில்லை. 2020 இல் பெட்ரோனாஸுக்காகத் துளையிட்டுக்கொண்டிருந்த வெஸ்ட் கபெல்லா கப்பலைச் சுற்றி சீனக் கப்பல்கள் வாரக்கணக்கில் நின்றன. 2021 மே கடைசியில் 16 சீன ராணுவ விமானங்கள் சரவாக் கரையை ஒட்டி வந்து, நம் விமானப்படை விமானங்கள் கிளம்பிப் போக நேர்ந்தது. சரவாக்குக்கு எதிரே உள்ள லூக்கோனியா திட்டுகளில் அவர்களுடைய கடலோரக் காவல் கப்பலைப் பார்க்காத மாதம் அபூர்வம். உங்கள் மகன் கோபம் நியாயமானது.

அந்தக் கோபம் வழியை அடைக்குமா என்பது வேறு கேள்வி. மச்சானுக்கு இதைச் சொல்லுங்கள். 2012 இல் ஸ்கார்பரோ திட்டில் பிலிப்பைன்ஸும் சீனாவும் மோதிக்கொண்டன. சீனா உடனே செய்தது என்ன? பிலிப்பைன்ஸ் வாழைப்பழத்தில் பூச்சி இருக்கிறது என்று துறைமுகத்தில் நிறுத்தி அழுக விட்டது. தான் விற்பதை அது நிறுத்தவில்லை. 2024 ஜூன் 17 இல் செகண்ட் தாமஸ் திட்டுக்கு அருகே நடந்த கைகலப்பில் பிலிப்பைன்ஸ் கடற்படை வீரர் ஒருவர் கட்டைவிரலை இழந்தார். அந்த ஆண்டும் பிலிப்பைன்ஸ் வெளிநாட்டிலிருந்து வாங்கியதில் முதலிடம் சீனாவுக்குத்தான். தண்ணீர்ப் பீரங்கி ஒரு பக்கம், கொள்கலன் கப்பல் இன்னொரு பக்கம், இரண்டும் ஒரே கடலில் ஓடின. சரக்கு மிஞ்சிக் கிடக்கிற கடைக்காரர் வாடிக்கையாளரோடு சண்டை போட்டாலும் கடையைச் சாத்துவதில்லை. சீனாவின் எஃகு வெளியே போவதும் எண்ணெய் உள்ளே வருவதும் இதே கடல் வழியாகத்தான். அதை அடைத்தால் முதலில் மூச்சு முட்டுவது அவர்களுக்கே.

செங்கடலை வைத்து மச்சான் பயப்படலாம். 2023 நவம்பரில் ஏமனின் ஹூதிகள் சரக்குக் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும் கப்பல் நிறுவனங்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின, கட்டணம் எகிறியது. அங்கே குறி வைத்ததே வணிகக் கப்பலைத்தான். தென் சீனக் கடலில் இதுவரை அடி வாங்கியவர்கள் மீனவர்கள், விநியோகப் படகுகள், ஆய்வுக் கப்பல்கள். கிள்ளானுக்குத் தகடு ஏற்றி வரும் கப்பலை யாரும் மறித்ததில்லை. நாளை மறிக்கவே மாட்டார்கள் என்று நான் சத்தியம் செய்ய முடியாது, தைவான் விஷயம் தனியாகவே இருக்கிறது. ஆனால் அதற்காக ஒரு வருடத் தகட்டை வாங்கி அடுக்குவது சரியான மருந்து இல்லை. கடல் காற்று அடிக்கும் ஊரில் தகடு துருப்பிடிக்கும், வங்கி வட்டி ஓடும், சரக்கு மிஞ்சிக் கிடக்கும் சந்தையில் ஆறு மாதம் கழித்து விலை இன்னும் இறங்கினால் உங்கள் கையிருப்புதான் ஊரிலேயே விலை கூடிய இரும்பாக நிற்கும்.

கடல் தகராறு ஒருமுறை எஃகு ஆலையை நேராகத் தாக்கியதும் உண்டு, அது நடந்தது நிலத்தில். 2014 மே மாதம் சீனா தன் எண்ணெய்த் துளை மேடையை வியட்நாம் உரிமை கோரும் கடலில் கொண்டுபோய் நிறுத்தியது. வியட்நாமில் கலவரம் வெடித்தது. ஹா தின்ஹ் மாகாணத்தில் கட்டிக்கொண்டிருந்த எஃகு ஆலைத் தளத்துக்குள் கூட்டம் புகுந்தது, உயிர் போனது. அந்த ஆலை தைவான் நிறுவனத்துடையது என்பதைக் கூட்டம் பார்க்கவில்லை. சீனா மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தன் ஆட்களைக் கப்பலில் ஏற்றி அழைத்துப் போனது. அந்த ஆண்டுக் கணக்கு முடிந்தபோது இரு நாட்டு வணிகம் முந்தைய ஆண்டைவிடக் கூடியிருந்தது. எனக்கு இதில் மிகவும் வருத்தமான பகுதி, அடிபட்டவர்களில் யாருக்கும் அந்த மேடையோடு சம்பந்தமே இல்லை என்பதுதான்.

சரி, மகன் சொன்னதில் உண்மையான அந்தப் பாதி. உற்பத்தி மிகுதியும் கடல் தகராறும் இரண்டு இடங்களில் கைகோக்கின்றன.

முதல் இடம் கப்பல் கட்டும் துறை. 2008 நெருக்கடிக்குப் பிறகு உலகில் புதுக் கப்பலுக்கு ஆர்டர் வறண்டது. சீனக் கப்பல் கட்டும் துறைகளில் பல காலியாகக் கிடந்தன. அரசு ஆர்டர்கள் அந்த இடத்தை நிரப்ப உதவின. 2013 இல் தனித்தனியாக இருந்த கடல் காவல் அமைப்புகள் ஒன்றாக்கப்பட்டன. அதன் பிறகு பெரிய காவல் கப்பல்கள் வரிசையாக இறங்கின. 2025 ஜனவரியில் பிலிப்பைன்ஸின் சம்பாலஸ் கரைக்கு எதிரே சுற்றிய 5901 என்ற கப்பல் சுமார் 12,000 டன். பல நாடுகளின் போர்க்கப்பலைவிடப் பெரிது. மீன்பிடிப் படகும் அப்படித்தான். இரும்பு உடல் கொண்ட பெரிய படகு கட்ட மானியம், தகராறில் உள்ள ஸ்பிராட்லி தீவுகள் பக்கம் போய் நின்றால் டீசலுக்கு மானியம். மீன் பிடிபடாவிட்டாலும் படகுக்காரருக்கு நஷ்டமில்லை. 2021 மார்ச்சில் விட்சன் திட்டில் சுமார் 220 படகுகள் வரிசையாகக் கட்டிப்போட்டு நின்றதாகப் பிலிப்பைன்ஸ் அறிவித்தது. மீன் பிடிக்க வந்த படகு வலை போடாமல் வாரக்கணக்கில் நிற்குமா? மிஞ்சிய எஃகு, மிஞ்சிய கப்பல் கட்டும் திறன், மிஞ்சிய படகு மூன்றும் அந்தத் திட்டில் ஒன்றாக நிற்கின்றன. இன்று உலகில் கட்டப்படும் வணிகக் கப்பல் எடையில் பாதிக்கு மேல் சீனாவில் கட்டப்படுகிறது. ஷாங்காயின் ஜியாங்னான் கப்பல் கட்டும் துறை கொள்கலன் கப்பலும் கட்டுகிறது, ஃபூஜியான் விமானந்தாங்கிக் கப்பலையும் அதுதான் கட்டியது.

இரண்டாவது இடம் உங்கள் தொழிலுக்கு நெருக்கமான பாடம். கைபேசியிலிருந்து காற்றாலை வரை காந்தத்துக்குத் தேவைப்படும் அரிய மண் தனிமங்களை 1990களில் சீனா ஏராளமாகத் தோண்டி அடிமாட்டு விலைக்கு விற்றது. வாங்கியவர்கள் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். அமெரிக்காவின் மவுண்டன் பாஸ் சுரங்கத்தால் அந்த விலைக்கு ஈடு கொடுக்க முடியவில்லை, சுற்றுச்சூழல் சிக்கலும் சேர்ந்தது. 2002 இல் அங்கே தோண்டுவது நின்றது. உலக உற்பத்தியில் 90 சதவீதத்துக்கும் மேல் சீனாவின் கைக்குப் போனது. 2010 செப்டம்பர் 7 இல், ஜப்பான் வசம் இருந்து சீனாவும் உரிமை கோரும் சென்காகு தீவுகள் அருகே ஒரு சீன மீன்பிடிப் படகு ஜப்பானியக் காவல் கப்பல்களோடு மோதியது. படகுத் தலைவரை ஜப்பான் கைது செய்தது. சில நாட்களில் ஜப்பானுக்குப் போக வேண்டிய அரிய மண் சரக்கு சீனத் துறைமுகங்களில் தேங்கத் தொடங்கியது. தடை என்று சீன அரசு அறிவிக்கவில்லை, ஆனால் சுமார் இரண்டு மாதம் சரக்கு நகரவில்லை. மிஞ்சிக் கிடக்கும் பொருளை யாரும் ஆயுதமாக எடுப்பதில்லை. போட்டிக்காரர் எல்லாம் மூடிப்போன பிறகு அதே பொருள் ஆயுதமாகிவிடுகிறது. 2025 ஏப்ரலில் அமெரிக்க வரிக்குப் பதிலடியாக ஏழு வகை அரிய மண் தனிமங்களுக்குச் சீனா ஏற்றுமதி உரிமம் கட்டாயமாக்கியபோதும் இதுதான் நடந்தது.

ஜப்பான் என்ன செய்தது தெரியுமா? 2011 இல் ஆஸ்திரேலியாவின் லைனாஸ் நிறுவனத்துக்குப் பணம் கொடுத்துத் தாங்கியது. லைனாஸின் சுத்திகரிப்பு ஆலை நம் குவாந்தானுக்கு அருகே கெபெங்கில்தான் இருக்கிறது. அந்த ஆலையின் கழிவு பற்றிய எதிர்ப்புப் போராட்டம் உங்களுக்கு நினைவிருக்கும், அந்தக் கேள்விகள் நியாயமானவை. ஆனால் சீனப் பொருளைவிட விலை கூடினாலும் இன்னொரு விற்பனையாளர் சாகாமல் இருக்க வேண்டும் என்று ஜப்பான் எடுத்த முடிவு சரியானது என்றே நினைக்கிறேன்.

அதைத்தான் நீங்களும் சிறிய அளவில் செய்யச் சொல்கிறேன். 15 சதவீதம் குறைவு என்பதற்காக இத்தனை வருடம் உங்களுக்குக் கடனுக்கும் சரக்கு கொடுத்த உள்ளூர் விற்பனையாளரை ஒரேயடியாக விட்டுவிடாதீர்கள். பாதிக்கு மேல் அவரிடமே வாங்குங்கள். சீன விலைத்தாளை அவர் முன் வைத்துப் பேசினால் கொஞ்சம் இறங்கியும் வருவார். ஒரு விஷயத்தையும் மறக்க வேண்டாம்: உள்ளூர் இரும்பு என்றாலே மலேசியர் முதலீடு என்று ஆகிவிடாது. குவாந்தானில் உள்ள பெரிய ஆலையே சீன முதலீட்டில் வந்தது. உள்ளூரிலேயே உற்பத்தித் திறன் மிஞ்சிவிட்டது என்றுதான் 2023 ஆகஸ்டில் நம் அரசு புது எஃகு ஆலைகளுக்கு உரிமம் தருவதை இரண்டு வருடம் நிறுத்தி வைத்தது. சீனாவின் மிகுதி கப்பலில் மட்டும் வருவதில்லை, ஆலையாகவும் வந்து இறங்குகிறது.

இனி ஒப்பந்தம். ஒரு வருடத்துக்கு வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் குவிப்புத் தடுப்பு வரி, வியாபாரிகள் ஆன்டி டம்பிங் என்று சொல்வது. வெளிநாட்டுப் பொருள் அதன் சொந்த நாட்டு விலையைவிட மலிவாக இங்கே வந்து குவியும்போது போடும் கூடுதல் வரி இது. நம் நாட்டில் 1993 இன் சட்டத்தின் கீழ் முதலீடு, வாணிப, தொழில் அமைச்சு விசாரித்து இதை விதிக்கிறது. 2025 இல் சீனா, தென் கொரியா, வியட்நாமிலிருந்து வரும் துத்தநாகம் பூசிய தகடுகளுக்கு இப்படித் தற்காலிகமாக விதிக்கப்பட்டபோது சில நிறுவனங்களின் சரக்குக்கு 50 சதவீதத்துக்கும் மேல் போனது. அதே ஆண்டு வியட்நாம் சீனாவின் சூட்டில் உருட்டிய எஃகுச் சுருளுக்கு அதிகபட்சம் 27.83 சதவீதம் போட்டது. உங்கள் 15 சதவீத லாபம் ஒரே அறிவிப்பில் போய்விடும். கவனியுங்கள், வரி பார்ப்பது சுங்கத்தில் சரக்கை விடுவிக்கும் நாளை வைத்து. நீங்கள் கையெழுத்துப் போட்ட நாளுக்கு அங்கே மதிப்பில்லை. கட்ட வேண்டியவர் இறக்குமதிக்காரர். பத்திரத்தில் இறக்குமதிக்காரர் என்று யார் பெயர் இருக்கிறது? வியாபாரியின் பெயரா, உங்கள் பட்டறையின் பெயரா? மற்ற எதையும் பார்ப்பதற்கு முன்னால் இதைப் பாருங்கள். உங்கள் பெயர் என்றால், ஒப்பந்தத் தேதிக்குப் பிறகு புது வரி வந்தால் விற்பவர் ஏற்க வேண்டும் அல்லது நீங்கள் அபராதமின்றி ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்று ஒரு வாசகம் எழுதி வாங்குங்கள். மறுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

அப்புறம், அந்த 15 சதவீதம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். 2021 இல் சீனா பெரும்பாலான எஃகுக்கு ஏற்றுமதியில் வரி திருப்பித் தருவதை நிறுத்தியது. அப்போதிருந்து சிலர் 13 சதவீத மதிப்புக் கூட்டு வரியைக் கட்டாமலே, வேறு ஒரு நிறுவனத்தின் ஏற்றுமதிப் பத்திரத்தை விலைக்கு வாங்கி அனுப்புகிறார்கள். விலை குறைவு ஏறக்குறைய அதே அளவு என்றால் எனக்குச் சந்தேகம் வரும். சீன வரித்துறை இதை இப்போது துரத்துகிறது. உங்கள் விற்பனையாளர் பிடிபட்டால் அடுத்த கப்பல் வராது, நீங்கள் கட்டிய முன்பணமும் வராது. ஆலையின் பெயரும் ஏற்றுமதிப் பத்திரத்தில் உள்ள பெயரும் பொருந்துகிறதா என்று பாருங்கள். சீனச் சரக்கை வேறு நாட்டுச் சரக்கு என்று காட்டி வரியைத் தப்பிக்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். மாட்டிக்கொள்வது பத்திரத்தில் பெயர் உள்ளவர்.

தகட்டின் தரம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஆலை தரும் தரச் சான்றான மில் சர்டிபிகேட்டில் கரி, மாங்கனீசு, கந்தகம் என்று வரிசையாக எண்கள் இருக்கும். போரான், குரோமியம் என்ற இரண்டு கட்டங்களையும் பாருங்கள். போரான் 0.0008 சதவீதம் இருந்தாலே சுங்க அட்டவணையில் அந்தத் தகடு சாதாரண எஃகு என்ற பெயரை இழந்து கலப்பு எஃகு ஆகிவிடும். குரோமியத்துக்கு அந்த எல்லை 0.3 சதவீதம். முன்பு சீன ஆலைகள் ஏற்றுமதி வரித் திருப்பத்துக்காகவே ஒரு சிட்டிகை போரான் சேர்த்தன. 2015 தொடக்கத்தில் போரானுக்கு அந்தச் சலுகை போனதும் பல ஆலைகள் குரோமியத்துக்கு மாறின. வாங்கும் நாட்டில் வேறு சுங்க எண்ணுக்குள் புகுந்து கூடுதல் வரியைத் தவிர்க்கவும் இந்த வித்தை உதவும். பட்டறைக்கு இதனால் என்ன? போரான் உள்ள எஃகு வெல்டிங்கில் சீக்கிரம் இறுகும். பற்றுக்கு ஒட்டிய பகுதியில் முடியளவு விரிசல் விழலாம், அதுவும் உடனே தெரியாமல் ஒன்றிரண்டு நாள் கழித்து. உங்கள் வெல்டர் எப்போதும் போலத்தான் வேலை செய்திருப்பார், பழி மட்டும் அவர் மேல் விழும். தண்ணீர் நிரம்பிய தொட்டியைத் தாங்கும் சட்டத்தில் இந்த விளையாட்டு வேண்டாம். முதல் கட்டுச் சரக்கு வந்ததும் ஒரு துண்டு வெட்டி ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். கட்டுமான வேலைக்குப் போகும் பொருளாக இருந்தால் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சிஐடிபியின் சான்றிதழும் கேளுங்கள்.

காப்புறுதிக்கு வருகிறேன், இது மச்சானுக்கும் பயன்படும். விற்பவர் சி.ஐ.எஃப். விலை, அதாவது சரக்கு, காப்புறுதி, கப்பல் கட்டணம் மூன்றும் சேர்ந்த விலை சொன்னால், காப்புறுதியும் அவரே எடுப்பார். ஆனால் விதிப்படி அவர் எடுக்க வேண்டியது மிகக் குறைந்த வகையான சி பிரிவு மட்டும். கப்பல் மூழ்கினால், தீப்பிடித்தால் பணம் வரும். சரக்கு அறைக்குள் கடல் தண்ணீர் புகுந்து தகடு துருப்பிடித்தால் வராது. உங்கள் சரக்குக்கு உண்மையில் நடக்கக்கூடியது இதுதான், போர் இல்லை. பெரும்பாலான சேதத்தையும் ஏற்கும் ஏ பிரிவு வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள், செலவு கொஞ்சம்தான் கூடும். ஏ பிரிவும் போரை விலக்கி வைக்கும், அதற்குப் போர்ப் பிரிவைத் தனியாகச் சேர்க்க வேண்டும். அது சரக்கு கப்பலில் இருக்கும் நேரத்துக்குத்தான் பொருந்தும். நிலைமை மோசமானால் காப்புறுதி நிறுவனம் ஏழு நாள் அறிவிப்புக் கொடுத்துப் போர்ப் பிரிவை ரத்து செய்யலாம், ஆனால் அதற்குள் கிளம்பிவிட்ட சரக்குக்குப் பாதுகாப்பு தொடரும். ஆகவே ஒரு வருடச் சரக்கைவிட, மாதாமாதம் சிறிய கப்பற்சரக்காக எடுப்பதுதான் கடல் பயத்துக்கும் நல்ல பதில்.

மகனிடம் என்ன சொல்வது? சீன இரும்பை நீங்கள் வாங்காமல் விட்டால் லூக்கோனியாவிலிருந்து ஒரு கப்பலும் திரும்பிப் போகாது. அதைத் திருப்பும் வேலை விஸ்மா புத்ராவுக்கும், அதாவது நம் வெளியுறவு அமைச்சுக்கும், கடற்படைக்கும், ஆசியான் நாடுகள் ஒன்றாக நிற்பதற்கும் உரியது. ஆனால் அவன் கோபத்துக்கு ஒரு வேலை கொடுக்கலாம். குவிப்புத் தடுப்பு விசாரணை நடக்கும்போது எஃகைப் பயன்படுத்தும் பட்டறைகளும் அமைச்சுக்குக் கருத்து எழுதி அனுப்ப முடியும். பெரிய ஆலைகள் வரி வேண்டும் என்று எழுதும், பெரிய இறக்குமதிக்காரர்கள் வேண்டாம் என்று எழுதுவார்கள். 11 பேர் வேலை செய்யும் பட்டறையின் கணக்கு அந்தக் கோப்பில் இருப்பதே இல்லை. எந்தத் தகடு உள்ளூரில் கிடைக்கவில்லை, எந்த விலையில் உங்கள் வேலை நின்றுபோகும் என்று அவன் உட்கார்ந்து எழுதட்டும். அரசு விதிக்கும் வரி ஆலையைக் காப்பாற்றும்போது பட்டறையை மூடவைக்கக் கூடாது. அதை நீங்கள் சொல்லாவிட்டால் அவர்களுக்குத் தெரியப்போவதில்லை.

வியாபாரியிடம் இந்த வாரம் மூன்று காகிதம் கேளுங்கள்: ஒப்பந்த வரைவு, கடைசியாக வந்த சரக்கின் மில் சர்டிபிகேட், அதே சரக்கின் காப்புறுதிப் பத்திரம். நேர்மையான வியாபாரி என்றால் இரண்டு நாளில் தந்துவிடுவார். தராமல் இழுத்தடித்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். தந்தால் மூன்றின் நகலையும் எனக்கு அனுப்புங்கள், படித்துப் பார்த்து ஒப்பந்தத்தில் எந்த வாசகங்களை மாற்ற வேண்டும் என்று குறித்துத் தருகிறேன்.